மூன்று தடவை போட்ட பாட்டு

1

இந்த வருஷம் பார்த்த படங்களையும் கேட்ட பாட்டுகளையும் பற்றி வழக்கம்போல எழுதி அனுப்பும்படி ஆசிரியர் கடிதம் போட்டு ஒரு மாதமாகிறது. பினாங்கிலிருந்து மாதாமாதம் உங்களுக்கு நான் எழுதி வருவதும் இதைத்தான். இங்கே படங்கள் பல மாதம் பிந்தி வரும். நீங்கள் பார்த்து, பாராட்டி, மறந்தும் போன படத்தை நான் அப்போதுதான் பார்த்துவிட்டுக் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். அதையும் பொறுத்துப் படிக்கிறீர்கள். உங்கள் பெரிய மனசு.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கம் முடியவில்லை. பக்கத்து அறையில் என் மகள் செல்வி கேசட்டைப் போட்டாள். ஒன்பது வயது அவளுக்கு. கடைத்தெருவில் பழைய பாட்டுகளை இஷ்டத்துக்கு அள்ளிப் போட்டு விற்கிறார்களே, அந்த மாதிரிக் கேசட். அதில் மூன்றாவதாக ஒரு பாட்டு வந்தது. பதின்மூன்று வருஷமாக நான் தப்பி ஓடுகிற பாட்டு. கடையில் அது ஓடினால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். கல்யாண வீட்டில் ஓடினால் கைகழுவப் போவதுபோல் எழுந்துவிடுவேன்.

அந்தப் பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் மேளமும் உறுமியும் சேர்ந்து உருண்டு வருகிற ஓர் இடம் உண்டு. முக்கால் நிமிஷம் இருக்கும். செல்விக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. முடிந்ததும் பட்டனை அமுக்கி நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். மறுபடியும் ஓட்டினாள். மூன்றாவது தடவை மேளம் உருளத் தொடங்கியபோது நான் அவள் அறையில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்து போனேன் என்று எனக்கே தெரியாது. கேசட்டைப் பிடுங்கி, நாடாவை உருவி, கையில் சுற்றி அறுத்தேன். தடுக்க வந்த குழந்தையை ஓங்கி அறைந்தேன். அவள் கட்டில் சட்டத்தின் மேல் போய் விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் இறங்கியது.

செல்விக்கு அழுகை வந்தால் தமிழ் வராது, மலாய்தான் வரும். பள்ளிக்கூடம் அப்படி. ஏன், ஏன் என்று மலாயில் கேட்டுக்கொண்டே இருந்தாள். என் மலாய் அரிசி பருப்பு விற்கிற மலாய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அதில் வார்த்தை கிடையாது. என் மனைவி மீனாட்சி அடுப்படியிலிருந்து வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பாளையம்பட்டிக்காரி, சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள்.

"பாட்டுக்கா அடிச்சீக?" என்றாள்.

ஆமாம், பாட்டுக்குத்தான். அது எப்படி என்று அவளுக்கும் சொன்னதில்லை, உங்களுக்கும் சொன்னதில்லை. இந்தத் தடவை அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

படங்களைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார்.

இந்த வருஷம் பார்த்ததில் மூன்று படங்களை மட்டும் சொல்கிறேன். முதல் படத்தில் கதாநாயகன் ஒற்றை ஆளாக ஒரு சரக்குக் கிட்டங்கி நிறைய ஆட்களைப் புரட்டி எடுக்கிறான். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு டிரம் அடி. குத்து முகத்தில் படாவிட்டாலும் டிரம் தவறாமல் படுகிறது. இரண்டாவது படத்தில் வயிற்றில் கத்தி வாங்கியவர், அதைச் சொருகினவனுக்கே நல்ல புத்தி சொல்லி, தங்கச்சியை நண்பனிடம் ஒப்படைத்து, கொடியைப் பற்றிப் பேசி, அதன் பிறகு சாகிறார். அதுவரை வயலின்கள் காத்திருந்து, தலை சாய்ந்ததும் ஒரேயடியாக அழத் தொடங்குகின்றன. பக்கத்து நாற்காலிக்காரர் கைக்குட்டையை எடுத்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மூன்றாவது வேறு மாதிரி. இப்போது சிலர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிஜக் கிராமத்துக்கே போகிறார்கள் இல்லையா, அப்படி ஒன்று. கருவேலங்காடு, கம்மாய்க்கரை, வெடித்த கரிசல். கரையில் ஒருவனை வெட்டுகிறார்கள். அந்த இடத்தில் இசை இல்லை. காற்றும் வெட்டுப்படுகிறவனின் மூச்சும்தான். கொட்டகையில் விசில் பறந்தது. சவுண்டு போய்விட்டதென்று ஆபரேட்டரைத் திட்டினார்கள். வாழ்நாளில் பார்த்த படங்களில் சரியான ஒரே கொலை அதுதான். அரிவாளுக்கு அப்படியொன்றும் பெரிய சத்தம் கிடையாது. சத்தமெல்லாம் மனுஷன் போடுவது.

சண்டைக் காட்சியில் தயவுசெய்து இசையை நிறுத்துங்கள் என்று முன்பு ஒரு தடவை இதே பத்திரிகையில் எழுதினேன். ஒரு கொலையைக்கூட நேரில் பார்த்திராத விமர்சகருக்கு என்ன தெரியும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பார்க்கவில்லை. உண்மைதான்.

3

அறுபதுகளில் அருப்புக்கோட்டையில் என் தாய்மாமன் ரேடியோ செட்டு வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். ஆம்ப்ளிபயர் இரண்டு, கூம்புக் குழாய் நாலு, சாவி கொடுத்துச் சுற்றும் தட்டு, பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள். கல்யாணம், சடங்கு, பொங்கல் எதுவானாலும் பாட்டுப் போட ஆள் வேண்டும். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான்தான் அந்த ஆள். பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு திருச்சுழிப் பக்கத்துக் கிராமமெல்லாம் போவேன்.

செட்டுக்காரனுக்கு ஒரே சட்டம்தான். சாமி பாட்டு முடிந்ததும் இவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. இவர், அவர் என்றால் அப்போது தமிழ்நாட்டையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்த இரண்டு நடிகர்கள். பெயர் வேண்டாம். ஒருவரை வாள்காரர் என்றும் மற்றவரை வசனக்காரர் என்றும் வைத்துக்கொள்வோம். வாள்காரர் படப் பாட்டு ஒன்று போட்டால் அடுத்தது வசனக்காரர் படப் பாட்டுதான். மாறினால் மண்டை உடையும். இது பேச்சுக்குச் சொல்வதில்லை.

பாலவனத்தத்தில் ஒரு கல்யாணம். நான் இசைத்தட்டை மாற்றும்போது கவனம் பிசகி வசனக்காரருக்கு இரண்டு தொடர்ந்து போட்டுவிட்டேன். இரண்டாவது பாட்டின் பல்லவி முடியவில்லை, பந்தக்கால் பிடுங்கப்பட்டது. சாப்பாட்டு பெஞ்சுகளைத் தூக்கி அடித்தார்கள். ஒருவன் என் பெட்டியிலிருந்து இசைத்தட்டை எடுத்து முழங்காலில் உடைத்து, அந்த உடைந்த விளிம்பால் எதிரில் நின்றவன் முகத்தில் இழுத்தான். அவனுக்கு இடது கண் போயிற்று. எனக்கு விழுந்த கீறல் புருவத்துக்கு மேல் இப்போதும் இருக்கிறது. முகத்தில் இழுத்தவனும் கண் போனவனும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. அவர்கள் எந்த இரண்டு பேருக்காக அடித்துக்கொண்டார்களோ அந்த இரண்டு பேரும் அந்த நேரம் சென்னையில் மேக்கப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு நான் வரிசை மாற்றியதே இல்லை. ஒரே ஒரு நாளைத் தவிர.

4

எனக்கு அந்த வயதிலேயே விமர்சகன் என்ற நினைப்பு. இருபத்து நாலு வயது. திருச்சுழியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது டீக்கடையில் பாட்டுகளைப் பற்றிப் பேசுவேன். எந்த இடத்தில் குழல் நுழைகிறது, எந்த இடத்தில் பாடகர் மூச்சு வாங்குவதை மறைக்கிறார் என்றெல்லாம். பாட்டை நடிகருக்காகக் கேட்காதீர்கள், பாட்டுக்காகக் கேளுங்கள் என்பது என் உபதேசம். டீக்கடையில் யாரும் மாறவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வசனக்காரர் படத்தில் வந்த அந்த ஒரு பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசியிருப்பேன். மேளம் உருள்கிற அந்த இடம் வரும்போது ஒலியை முழுக்கக் கூட்டி வைத்தால், குழாய்க்குக் கீழே நிற்கிறவன் காதில் யாராவது வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கார்மேகம் என்று ஒருவர். முப்பத்தைந்து வயது, கிணறும் மானாவாரி நிலமும் உள்ள சம்சாரி. வாள்காரரின் பெயரை முன்கையில் பச்சை குத்தியிருந்தார். வசனக்காரர் பாட்டு ஓடினால் காறித் துப்பிவிட்டுப் போகிறவர். அன்றைக்குத் துப்பவில்லை. அது எந்தப் பாட்டு என்று கேட்டுக்கொண்டார்.

அவருக்கும் அவருடைய பங்காளி சோலைமுத்துவுக்கும் பொதுவில் ஒரு கிணறு. தண்ணீர் இறைக்கும் முறையில் தகராறு. அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. இவர் முறையில் அவர் கமலை கட்டினார், அவர் மாட்டின் வாலை இவர் அறுத்தார், இப்படி வளர்ந்திருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். திருச்சுழி டீக்கடையில் யாருக்கும் தெரியும்.

5

அவர்கள் ஊரிலேயே ஒரு கல்யாணம் வந்தது. காலையில் தாலி கட்டு, மத்தியானம் விருந்து. செட்டு எங்களுடையது.

குழாய் கட்ட எனக்குப் பனையேறத் தெரியாது. சோலைமுத்துதான் ஏறிக் கட்டினார். சிரித்த முகம், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். குழாய் ஊரைப் பார்த்து இருந்தது. கம்மாய்ப் பக்கம் திருப்பச் சொன்னேன். நீர் வற்றிய கம்மாயில் எதிரொலி அழகாக வரும் என்று எனக்கு ஆசை. மேலே இருந்தபடியே, கம்மாயில கொக்குக்கா கச்சேரி என்று கேலி செய்துவிட்டுத் திருப்பிக் கட்டினார். சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

பந்தி கலைந்துகொண்டிருந்தபோது கார்மேகம் என் மேஜைக்கு வந்தார். குனிந்து காதோரமாகப் பேசினார்.

"தம்பி, நீங்க சொல்லுவீகளே, அந்தப் பாட்டு. அதப் போடுங்க. ஒண்ணுக்கு மூணு தடவ போடுங்க. மேளம் வர்ற எடத்துல நல்லாக் கூட்டி வையுங்க."

வரிசை கெடும், சண்டை வரும் என்றேன்.

"நம்மாளுக யாரும் வாயத் தொறக்க மாட்டான். நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பச்சை குத்திய கை என் மேஜையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. நடிகரைத் தாண்டிப் பாட்டைக் கேட்கிற ஒரு மனுஷனை உண்டாக்கிவிட்டேன் என்று. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

முதல் தடவை போட்டேன். கார்மேகமும் இன்னும் இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்மாய்ப் பக்கத்துக் கருவேலங்காட்டுக்குள் இறங்குவதைப் பார்த்தேன். சோலைமுத்து அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கம்மாய்க்குள் கட்டியிருந்த மாட்டைப் பார்க்கப் போயிருந்தார். பந்தலில் வாள்காரர் ஆட்கள் முப்பது பேராவது இருந்தார்கள். ஒருவன்கூட எழுந்து கேட்கவில்லை. இரண்டாவது தடவை போட்டேன். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது தடவைக்கு முன்னால் ஊசி தேய்ந்திருந்தது, மாற்றினேன். அரை நிமிஷம் செட்டு ஓடவில்லை. பிறகு புது ஊசியை வைத்து, மேளம் வந்ததும் முழுக்கக் கூட்டினேன். காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது.

கம்மாய்க்கரை அந்தப் பனையிலிருந்து கூப்பிடு தூரம்.

ஆடு பற்றிக்கொண்டு வந்த ஒரு பெண்தான் முதலில் பார்த்தாள். நான் ஓடிப் போனபோது கூட்டம் கூடியிருந்தது. சோலைமுத்து கரைச்சரிவில் குப்புறக் கிடந்தார். தடுக்கத் தூக்கிய இடது கை மணிக்கட்டுக்கு மேலே தொங்கிப்போயிருந்தது. பின்கழுத்து பிளந்து எலும்பு தெரிந்தது. முதுகில் எண்ண முடியாத வெட்டு. ஓடியிருக்கிறார், விழுந்திருக்கிறார், தவழ்ந்திருக்கிறார். மண்ணில் அந்தத் தடம் இருந்தது. மாட்டுப் பக்கம் போகவில்லை, ஊர்ப் பக்கம் போகவில்லை. குழாய் கட்டிய பனையைப் பார்த்துத் தவழ்ந்திருக்கிறார். வாய் நிறையக் கரிசல் மண்.

கடைசி வயலின் ஏதும் இல்லை. ஈதான் மொய்த்தது.

6

போலீஸ் வந்தது. கிணற்றுப் பகையை வைத்துக் கார்மேகத்தையும் கூட்டாளிகள் இரண்டு பேரையும் பிடித்தார்கள். கார்மேகம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்ல ஏழு பேர் இருந்தார்கள். அதை உடைக்க ஒரே ஆள் நான்தான். அவர் வந்து பாட்டுக் கேட்டதும், கம்மாய்ப் பக்கம் இறங்கியதும் எனக்கு மட்டும்தான் தெரியும். வசனக்காரர் பாட்டை மூன்று தடவை அவர் கேட்டார் என்று நான் சொன்னால் அந்தத் தாலுகாவில் ஒரு குழந்தைக்குக்கூட ஏன் என்று புரிந்திருக்கும்.

யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

கார்மேகத்தின் தம்பி ஒரு நாள் அருப்புக்கோட்டைக் கடைக்கு வந்து உட்கார்ந்தான். அந்தப் பாட்டின் இசைத்தட்டைக் காட்டச் சொன்னான். கொடுத்தேன். ஒரு பக்கமும் மறுபக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என் எதிரிலேயே இரண்டாக உடைத்தான். பாதியை என் சட்டைப் பையில் சொருகினான். விளிம்பு துணியைக் கிழித்து நெஞ்சில் பட்டது. எழுந்து போய்விட்டான். கடையைக் கொளுத்திவிடுவார்கள், ஆறு பிள்ளைகளோடு நான் எங்கே போவேன் என்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கோர்ட்டுக்கு முதல் நாள் சோலைமுத்துவின் மனைவி பாக்கியம் கடைக்கு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தாள், இடுப்பில் குழந்தை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மூணு தடவ ஓடுச்சு. நான் வீட்டுல இருந்து எண்ணுனேன். யாரு கேட்டாகன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

நான் ஆம்ப்ளிபயரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். மாமா உள்ளே போய்விட்டார்.

"ஒங்க காது தங்கக் காதுன்னு அவுக சொல்லுவாக. அதான் கேக்க வந்தேன். வாரேன்."

அவள் போன பிறகும் நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாட்சிக் கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கெட்டிக்காரர். பாட்டு ஓடும்போது கேட்டிருக்காது, ஒப்புக்கொள்கிறேன், ஊசி மாற்றும்போது செட்டு ஓடவில்லையே, அப்போது கம்மாய்ப் பக்கமிருந்து ஏதாவது சத்தம் கேட்டதா என்றார். பாக்கியம் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

"கேக்கல" என்றேன்.

மூவரும் விடுதலையானார்கள். வெளியே வேட்டு வெடித்தது. திருச்சுழி போகிற பஸ்ஸில் கார்மேகத்துக்கு மாலை போட்டு ஏற்றினார்கள். நான் அதே வாரம் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டேன்.

7

பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் சேர்ந்து, பிறகு அதே தெருவில் சொந்தமாக ஒரு சின்னக் கடை. ஒரு தடவை ஊருக்கு வந்து மீனாட்சியைக் கட்டிக்கொண்டு நாலாம் நாளே கப்பலேறினேன். திருச்சுழிப் பக்கம் போகவில்லை. இங்கே காலை ஆறு மணிக்குக் கடை திறப்பு, மத்தியானம் கணவாய்க் கறி, ஞாயிற்றுக்கிழமை சினிமா, மாதம் ஒரு தடவை உங்களுக்குக் கட்டுரை. பின்னணி இசை இரைச்சலாக இருக்கிறது என்று நான் எழுதாத மாதம் கிடையாது. படித்துப் பாருங்கள், எல்லாக் கட்டுரையிலும் அந்த வரி இருக்கும். என் ரசனை நுட்பமானது என்று ஒரு பேராசிரியர் கடிதம் எழுதினார். அதை எடுத்து வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கிழித்துப் போட்டேன்.

குடியுரிமைக்கு மனுப் போட்டேன். எந்த நாட்டிலாவது கோர்ட்டில் நின்றதுண்டா என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். நேர்முகத்தில் அதிகாரி மலாயில் பேசிப் பார்த்தார். சொந்த ஊரில் மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஒரு கல்யாணம், நல்ல சாப்பாடு, நல்ல பாட்டு என்றேன். அதற்கு மேல் எனக்கு மலாய் போதவில்லை. அவர் சிரித்து, முத்திரை குத்தினார். குடிமகனாகிவிட்டேன்.

இரண்டு மாதம் முன்பு மாமா இறந்துபோனார். அவருடைய மூத்த மகன் எழுதியிருந்தான். துக்கத்துக்கு வந்த பெரிய மனுஷர்கள் பட்டியலில் கார்மேகம் பெயர் இருந்தது. மாமாவுக்கு ரோஜா மாலை போட்டாராம். கிணறு இப்போது முழுக்க அவருடையதாம். அதே கடிதத்தில் வேறொரு பேச்சுக்கு நடுவே, பாக்கியம் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் அவித்த கடலை விற்கிறாள், பஸ்ஸில் நம் ஊர்க்காரர்களைப் பார்த்தால் செட்டுக்காரத் தம்பி எப்ப வருவாக என்று கேட்கிறாள் என்றும் இருந்தது. மாமாவின் கடைக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று பதின்மூன்று வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மாமாவும் இல்லை, கடையும் கைமாறிவிட்டது. அப்படியும் இரண்டு மாதம் அந்த நாளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஆகவே அதுவும் பொய். பயந்தாங்கொள்ளி நான், அவ்வளவுதான்.

செல்வியின் உதட்டில் தையல் போட்டிருக்கிறது. என்னைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறாள். அவள் செய்த குற்றம், நல்ல இடத்தை நல்ல இடம் என்று அடையாளம் கண்டுகொண்டதுதான். என் காது அவளுக்கு வந்திருக்கிறது.

இதுவரை எழுதியதை மீனாட்சியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். ஊரில் சொந்தபந்தம் இருக்கிறது, வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். ஒருவேளை அப்படிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"எப்பவும் போடுவீகளே, அந்தப் புனைபேரா போடப் போறீக?" என்று கேட்டாள்.

8

ஆசிரியர் அவர்களுக்கு. இடமில்லையென்றால் மேலே படங்களைப் பற்றி எழுதியிருப்பதை வெட்டிக்கொள்ளுங்கள். கீழே இருப்பதில் ஒரு சொல்லையும் தொடவேண்டாம். இது அச்சான இதழ் ஒன்றை, செலவு என்னுடையதாக, திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் அவித்த கடலை விற்கும் பாக்கியம் என்பவரிடம் சேர்த்துவிடுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. கொண்டுபோகிறவர் நின்று, சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும்.

என் பெயர் வேலாயுதம். அருப்புக்கோட்டையில் ரேடியோ செட்டுக் கடையில் பாட்டுப் போட்டவன். சோலைமுத்து வெட்டுப்பட்ட அன்று மத்தியானம் அந்தப் பாட்டை மூன்று தடவை போடச் சொன்னவர் கார்மேகம். மேளம் வரும் இடத்தில் கூட்டி வைக்கச் சொன்னவரும் அவரே. முதல் தடவை ஓடும்போதே அவரும் இரண்டு பேரும் கம்மாய்ப் பக்கம் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். பந்தியில் அவர் இல்லை. கோர்ட்டில் நான் சொன்னது பொய். அந்தப் பொய்க்கு என்ன தண்டனையோ அதற்கு நான் வருகிறேன்.

மூன்றாவது தடவைக்கு முன்னால் ஊசி மாற்றினேன். அரை நிமிஷம் செட்டு ஓடவில்லை. அப்போது கம்மாய்க்கரையிலிருந்து சோலைமுத்து கூப்பிட்டார். "தம்பி, பாட்ட நிறுத்துங்க. செட்டுக்காரத் தம்பி, பாட்ட நிறுத்துங்க." இரண்டு தடவை கூப்பிட்டார். குரல் அவருடையது என்று தெரிந்தது. ஊசி என் கையில் இருந்தது. வைத்தேன்.

வக்கீல் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கேட்டது.